மண்ணீரல் கணக்கு

பாட்டி சொன்ன தோட்டத்துக் கதைகளில் ஒன்று மட்டும் எனக்கு வெகுநாள் புரியாமலே இருந்தது. பேயும் இல்லை, ஜப்பான்காரனும் இல்லை, கங்காணியின் பிரம்பும் இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்த கதை அது.

"சின்னப் பிள்ளைங்கள எல்லாம் வரிசையா நிக்க வைப்பாங்க. டிரெசரும் வெளியாள் ஒருத்தரும் வருவாங்க. சட்டையத் தூக்கச் சொல்லி, இடது பக்கம் விலாவுக்குக் கீழ விரல விட்டு அமுக்குவாங்க. எனக்குக் கூச்சம் வந்து சிரிச்சுருவேன். ஒரு நோட்டுல என்னமோ எழுதிக்குவாங்க. மருந்தும் குடுக்க மாட்டாங்க, என்னா ஏதுன்னு சொல்லவும் மாட்டாங்க. போயிருவாங்க."

சிம்பாங் பூலாயில் நாங்கள் இப்போது இருப்பது தாமான் வீடு. முன்வாசலில் நின்றால் கோப்பேங் சாலையின் சுண்ணாம்புக் குன்றுகள் தெரியும். கல்லுடைத்துப் பாதி வெள்ளையாகிப்போன குன்றுகள். கிழக்கே திரும்பினால் கேமரன் மலைக்கு ஏறும் சாலை. பாட்டி பிறந்த தோட்டம் இதே மலையடிவாரத்தில்தான் இருந்தது. அந்த நோட்டில் என்ன எழுதினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தபோது, பாட்டியின் வயிற்றை அவர்கள் பார்த்தது பாட்டிக்காக அல்ல என்பது தெரிந்தது. அந்தத் தோட்டத்தில் எத்தனை பேர் சாவார்கள் என்பதைத்தான் பிள்ளைகளின் வயிற்றில் தேடியிருக்கிறார்கள்.

விரல்கள் தேடியது மண்ணீரலை. ஆரோக்கியமான பிள்ளைக்கு அது விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கும், கைக்குத் தட்டுப்படாது. மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் அது வீங்கி இறங்கும். சிலருக்குத் தொப்புள் வரைக்கும்கூட. நம் ஆட்கள் இதைக் காய்ச்சற்கட்டி என்றார்கள். நூறு பிள்ளைகளைத் தொட்டுப் பார்த்து எத்தனை பேருக்குக் கட்டி தட்டுப்படுகிறது என்று எண்ணினால் கிடைப்பது மண்ணீரல் விகிதம். நுண்ணோக்கி வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், இரண்டு விரல் போதும்.

இந்த யோசனை மலேரியாக் கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே வந்துவிட்டது. 1840களில் வட இந்தியாவில் யமுனைக் கால்வாய்ப் பாசனம் ஊர்மக்களின் உடம்பைக் கெடுக்கிறதா என்று விசாரிக்க கம்பெனி அரசு ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்த மருத்துவர் டெம்ப்ஸ்டர், யாரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல் கால்வாயோரக் கிராமங்களில் மண்ணீரலைத் தொட்டு எண்ணினார். காய்ச்சல் எதனால் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. கெட்ட காற்று என்று உலகமே நம்பிய காலம். காரணம் தெரியாமலே ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. பிறகு 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ், அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். அதே ராஸ் 1907–08இல் மொரீஷியஸ் தீவுக்குப் போனபோது முதலில் செய்த வேலை பிள்ளைகளின் மண்ணீரலை எண்ணியதுதான். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்தியர்களின் வழிவந்தவர்கள்.

மலாயாவுக்கு வருவோம். 1901 ஜனவரியில் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டுதான் சுவெட்டன்ஹாம் துறைமுகம், இன்றைய போர்ட் கிள்ளான், திறக்கப்பட்டது. திறந்த கையோடு காய்ச்சலில் ஆட்கள் விழ ஆரம்பித்தார்கள். வாட்சன் சதுப்பை வடிய வைத்தார், காட்டை வெட்ட வைத்தார். கிள்ளானிலும் துறைமுகத்திலும் காய்ச்சல் சாவு 1901இல் 368. மறு ஆண்டு 59. பிரிட்டிஷ் பேரரசு முழுக்கப் பேசப்பட்ட வெற்றி அது. ஆனால் அவரைத் தொல்லை செய்தது ஊர் அல்ல, அதைச் சுற்றி முளைத்துக்கொண்டிருந்த ரப்பர் தோட்டங்கள்.

ரப்பர் விலை ஏறிய காலம். தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவர 1907இல் ஒரு குடியேற்ற நிதியையே உருவாக்கியிருந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையை 1910இல் நிறுத்தியபோதும் கங்காணி வழியாக ஆள் வந்துகொண்டேதான் இருந்தது. 1911இல் மட்டும் லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் மலாயாவில் இறங்கினார்கள். அதே 1911இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் 1,43,614 பேர். அந்த ஆண்டு அவர்களில் செத்தவர்கள் 9,040 பேர். ஆயிரத்துக்கு ஏறக்குறைய 63.

இந்த 63 ஒரு சராசரி. சராசரிக்குள் ஒளிந்திருந்ததுதான் வாட்சனின் புதிர். ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே அரிசி, ஒரே மாதிரி லயம், ஒரே அளவு கொயினா. ஆனால் ஒரு தோட்டத்தில் சாவு சொற்பம். நாலு மைல் தள்ளி இருந்த இன்னொன்றில் குழி வெட்டி மாளவில்லை. துரைமார்கள் சொன்ன காரணங்களை இன்று படித்தால் வெறுப்பாக வரும்: இந்தக் கூட்டம் சோம்பேறி, அந்தக் கூட்டம் அழுக்கு, கங்காணி பொறுக்கி எடுத்த ஆள் சரியில்லை. வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டார். மண்ணீரல் விகிதத்தை ஒரு பக்கமும் சாவு விகிதத்தை மறு பக்கமும் எழுதி வைத்தார். இரண்டும் சேர்ந்தே ஏறின, சேர்ந்தே இறங்கின.

அதோடு நிற்கவில்லை. சமநிலத் தோட்டங்களில் லயம் காட்டை விட்டு அரை மைல் தள்ளிப் போனால் பிள்ளைகளின் மண்ணீரல் சுருங்கியது. நிழலான காட்டுக் குட்டைகளில் வளரும் அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு அவ்வளவு தூரம் பறந்து வருவதில்லை. காட்டை வெட்டு, குட்டையை வடி, சாவு குறையும். அழகான சூத்திரம். அதையே அவர் மலைத் தோட்டங்களுக்கும் சொன்னார். காட்டை வெட்டினார்கள். மண்ணீரல் விகிதம் இறங்கவில்லை, ஏறியது. மலைச் சரிவில் ஊற்றெடுத்து ஓடும் தெளிந்த நீரில், அதுவும் வெயில் படும் நீரில்தான் மாக்குலேட்டஸ் என்ற வேறொரு கொசு முட்டையிடுகிறது. நிழலை வெட்டி அதற்கு வெயிலைக் கொடுத்ததே இவர்கள்தான். தான் சொன்னது மலைக்குப் பொருந்தவில்லை என்று 1911இல் வெளியிட்ட புத்தகத்திலேயே அவர் எழுதிவைத்தார். அந்த ஒன்றுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை. பிறகு ஓடைகளை மண்ணுக்கடியில் குழாய் பதித்துக் கொண்டுபோனார்கள், அப்புறம் எண்ணெய் தெளித்தார்கள். பாட்டியின் அண்ணன் 'ஒயில் அடிக்கிற வேலை' பார்த்ததாகச் சொல்வார். முதுகில் தகர டப்பா, கையில் பம்பு. வாட்சன் வேலை செய்தது சிலாங்கூரில். ஆனால் மலையடிவாரம், ஊற்று, வெட்டிய காடு, வெயில் என்றால் அது எங்கள் சிம்பாங் பூலாய்ப் பக்கம்தான்.

இங்கே ஒரு கேள்வி. செத்தவர்கள் பெரும்பாலும் வேலைக்கு வந்த பெரியவர்கள். தொட்டுப் பார்த்தது ஏன் பிள்ளைகளை?

பெரியவர்களின் மண்ணீரல் பொய் சொல்லும் என்பதுதான் பதில். ஒருவர் சொந்த ஊரிலேயே காய்ச்சல் பட்டுக் கட்டியோடு வந்திருக்கலாம். கொடுங்காய்ச்சல் இருக்கும் இடத்தில் வந்த மூன்றாம் வாரமே செத்தும் போகலாம். மண்ணீரல் வீங்கவே அவகாசம் இருந்திருக்காது. தோட்டத்திலேயே பிறந்து, எங்கேயும் போகாமல், ஒவ்வொரு இரவும் அதே லயத்தில் தூங்கும் பிள்ளைதான் அந்த மண்ணின் சாட்சி. ஆனால் இந்தச் சாட்சியிலும் ஓட்டை உண்டு. ஆரம்பகாலத் தோட்டங்களில் பெண்கள் குறைவு, பிள்ளைகள் அதைவிடக் குறைவு. இருபது பிள்ளைகள் இருக்கும் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குக் கட்டி கூடினால் விகிதம் ஐந்து சதவீதம் எகிறும். அந்த ஒரு பிள்ளை போன மாதம்தான் வேறு தோட்டத்திலிருந்து வந்தது என்றால்?

மறுபக்கத்து எண்ணில் ஓட்டை இன்னும் பெரிது. சாவு விகிதம் என்பது ஒரு பின்னம்: மேலே செத்தவர்கள், கீழே இருந்தவர்கள். உடம்பு முடியாமல் போனவரைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டால், அவர் சாலையோரத்திலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ கப்பலிலோ இறந்தால், தோட்டத்துப் பேரேட்டில் அது சாவு அல்ல. இரவோடு இரவாக ஓடிப்போனவர் காட்டில் விழுந்து கிடந்தாலும் அப்படியே. ஆகவே 9,040 என்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. ஓட்டையான ஒரு பின்னத்தை, இருபது முப்பது வயிறுகளைத் தொட்டுப் பார்த்த கணிப்பு இவ்வளவு நெருக்கமாகப் பின்தொடர்ந்தது என்றால் அந்தத் தொடர்பு உண்மையில் எவ்வளவு வலுவானதாக இருந்திருக்க வேண்டும்!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இது அடிக்கடி குழப்பப்படுகிற விஷயம். மண்ணீரல் விகிதம் இடத்தைப் பற்றிய கணிப்பு, ஆளைப் பற்றியது அல்ல. எண்பது சதவீதம் பிள்ளைகளுக்குக் கட்டி இருக்கும் தோட்டம் சாவுத் தோட்டம். ஆனால் கட்டியுள்ள அந்தப் பிள்ளையே அடுத்துச் சாகும் என்று அர்த்தமில்லை. இத்தனை காய்ச்சலுக்கும் பிழைத்து நிற்பதால்தான் அதற்குக் கட்டி. செத்த பிள்ளைகள் வரிசையில் நிற்கவில்லை. பாட்டிக்கு மூத்தது இரண்டு. ஒன்றும் தங்கவில்லை.

வீங்கிய மண்ணீரலை வெள்ளைக்காரர்கள் ஆளைப் பற்றிய கணிப்பாகப் பயன்படுத்திய ஒரே இடம் நீதிமன்றம். 1876இல் ஆக்ராவில் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் தன் குதிரைக்காரரை அடித்தார், அவர் செத்துப்போனார். வீங்கிய மண்ணீரல் கிழிந்து இறந்தார், அடி பலமானதல்ல என்றது விசாரணை. அபராதம் 30 ரூபாய். வைஸ்ராய் லிட்டனே கண்டித்து எழுதும் அளவுக்கு அது பெரிய விவகாரமாயிற்று. ஆனாலும் அடிபட்டுச் செத்த கூலிகளின் வழக்குகளில் அந்த வாதம் அதற்குப் பிறகும் வந்துகொண்டேதான் இருந்தது.

சரி, இந்த அளவுகோல் எல்லா இடத்திலும் சாவைச் சொன்னதா? இல்லை. அந்தக் கதை பஞ்சாபில் தொடங்கி இலங்கையில் முடிகிறது.

1908இல் பஞ்சாபில் பெரும் காய்ச்சல் கொள்ளை. அதை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், சாவு எங்கே எப்போது பொங்கியது என்று வரைபடம் போட்டார். கிடைத்த காரணங்கள் இரண்டு: அந்த ஆண்டின் மழை, அதற்கு முன் இருந்த தானிய விலை. கொசு கடிப்பது எல்லோரையும்தான். பட்டினி கிடந்தவன்தான் சாகிறான். இதை அவர் 'மனிதக் காரணி' என்றார். பின்னர் கில் என்ற சுகாதார அதிகாரி மழை, விலை, மண்ணீரல் விகிதம், பழைய சாவுக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து 1921 முதல் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாபுக்குக் காய்ச்சல் முன்னறிவிப்பு கொடுத்தார். வானிலை அறிக்கை மாதிரி, சாவு அறிக்கை. 1949இல் சத்ய ஸ்வரூப் என்ற புள்ளியியலாளர் அந்த முன்னறிவிப்புகளை எடுத்து, சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கணித்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். திரும்பிவந்து பலித்ததா என்று எண்ணுகிறவர்கள் அபூர்வம்.

கில்லின் முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவருக்கு மண்ணீரல் விகிதம் *தாழ்ந்து* இருந்தால்தான் பயம். சில ஆண்டுகளாகக் காய்ச்சல் இல்லாமல் பிள்ளைகளின் வயிறு ஒட்டிக் கிடந்தால், எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டம் ஒன்று சேர்ந்துவிட்டது என்று பொருள். நல்ல மழை ஒன்று வந்தால் கதை முடிந்தது.

இலங்கையில் நடந்தது இதுதான். மழைக்குப் பதில் வறட்சி, அவ்வளவே. 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. எப்போதும் பெருக்கெடுத்து ஓடும் ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் கொசு பெருகியது. ஏழெட்டு மாதத்தில் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். அன்று தீவின் மக்கள்தொகையே 53 லட்சம் அளவுதான். கேகாலையும் குருநாகல் பக்கமும்தான் மிக மோசம். இங்கே வாட்சனின் அட்டவணையைப் பொருத்திப் பாருங்கள். மண்ணீரல் விகிதம் காலங்காலமாக உயர்ந்திருந்த இடங்கள் அனுராதபுரமும் வன்னியும். கொள்ளைநோய் அந்த வறண்ட பகுதியை ஒப்பீட்டளவில் விட்டுவைத்தது. பெருஞ்சாவு நடந்தது பிள்ளைகளுக்குக் கட்டியே தட்டுப்படாத ஈரப் பகுதியிலும் அதன் ஓரத்திலும். கிள்ளானில் ஏறிய கோடு கேகாலையில் தலைகீழாக இறங்கியது. இதை விசாரித்து அறிக்கை எழுதியவர் அதே கில்தான்.

அனுராதபுரத்துக்காரர்கள் பாக்கியவான்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே ஆண்டுதோறும் கைக்குழந்தைகள் செத்துக்கொண்டேதான் இருந்தன. பிழைத்தவர்களின் எதிர்ப்புச் சக்திக்கு அந்தக் குழந்தைகள் கொடுத்த விலை அது. பெரியவர்கள் தாங்கினார்கள், கோடு தாழ்ந்தது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் மலாயாவில் மட்டும் மண்ணீரல் ஏன் சாவைச் சரியாகச் சொன்னது? எனக்கு இது பிடிபட ரொம்ப நாளானது. உயர்ந்த மண்ணீரல் விகிதம் சொல்வது ஒன்றே ஒன்று: இங்கே காய்ச்சல் ஓயாமல் இருக்கிறது. அந்த இடத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது பிள்ளைப் பருவத்திலேயே கழியும் கண்டம். அதே இடத்துக்கு உடம்பில் எதிர்ப்பில்லாத ஒருவர் நேற்று வந்து இறங்கினால் அது மரண தண்டனை. கிள்ளான் தோட்டங்களில் பிள்ளைகள் வன்னிப் பிள்ளைகள் மாதிரி, பெரியவர்கள் கேகாலைக்காரர்கள் மாதிரி. ஒரே லயத்தில் இரண்டு ஜனம். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் மாதாமாதம் புது ஆள் வந்து, செத்தவன் இடத்தில் நின்றுகொண்டே இருந்தான். பத்து வருஷம் யாரும் புதிதாக வராமல் இருந்திருந்தால், காய்ச்சல் அப்படியே இருந்திருந்தாலும் பெரியவர்களின் சாவு தானாகவே குறைந்திருக்கும், வாட்சனின் அட்டவணை கலைந்திருக்கும்.

அதாவது, சாவைக் கணித்தது மண்ணீரல் மட்டும் அல்ல. மண்ணீரலும் கப்பலும் சேர்ந்து. அட்டவணையில் மண்ணீரலுக்குக் கட்டம் இருந்தது, கப்பலுக்குக் கட்டம் இல்லை. ஓடையை மூடுவதா எண்ணெய் தெளிப்பதா என்று செலவுக் கணக்கோடு விவாதித்தார்கள். காய்ச்சல் அடங்கும்வரை ஆளை இறக்காதே என்பதை யாரும் ஒரு தீர்வாக எடுத்து வைத்ததாக நான் படித்ததில்லை. ரப்பர் விலை அப்படி. 1930 முதல் 1932 வரையிலான மந்தத்தில் விலை விழுந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது கப்பல் மறுபக்கம் ஓடியது, பின்னத்தின் கீழ்ப்பகுதி மாறியது. அதன்பின் சாவு விகிதத்தில் தெரியும் எந்த முன்னேற்றத்தையும் எண்ணெய்க்கும் குழாய்க்கும் மட்டும் வரவு வைத்துப் படிப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து கோப்பேங் சாலையில் போய்த் திரும்பினால் கெல்லி மாளிகை. சுற்றுலாப் பயணிகள் அங்கே பேய்க்கதை கேட்கப் போகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1918 இன்ஃப்ளூயென்ஸா அவருடைய தோட்டத்துக்குள் வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து கட்டடவேலைக்கு வந்தவர்கள் பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் பக்கத்தில் மாரியம்மன் கோயில் கட்டினார். கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே தொப்பி போட்ட அவர் சிலையும் நிற்கிறது. அந்த நோயை எந்த மண்ணீரலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

மலேசியாவில் மனித மலேரியா உள்ளூரில் பரவுவது 2018 முதல் இல்லை. குரங்கிலிருந்து வரும் நோலஸி வகைதான் பாக்கி. பாட்டியின் பேரப்பிள்ளைகளின் வயிற்றை யாரும் அமுக்குவதில்லை. ஆனால் நோட்டு வேறு வடிவத்தில் இருக்கிறது. போன மாதம் அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை, சிகரெட் உண்டா இல்லையா என்று கணினியில் தட்டினார்கள். பத்து ஆண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு இத்தனை சதவீதம் என்று வந்தது. ஃபிரேமிங்ஹாம் கணக்கு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சிற்றூர் அது. 1948இல் அங்கே 5,209 பேரைப் பின்தொடர ஆரம்பித்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அந்தக் கணக்கு தெற்காசிய வம்சாவளியினரின் அபாயத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று பிரிட்டனில் கண்டுகொண்டார்கள். அதனால் 2008இல் வந்த கியூரிஸ்க் கணக்கின் புதிய வடிவத்தில் இனப் பின்னணிக்கும் ஒரு கட்டம் போட்டார்கள்.

அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார்.

"என்னாடா சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல மா. எழுதிக்கிட்டாங்க."

"மருந்து?"

"குடுத்தாங்க."

"அப்ப சரி" என்றார் பாட்டி.